எம்மூர்க் குன்று

கல்லூரியிற் சேர்ந்த முதல் வாரத்தில் மாணாக்கர் ஒருவரையொருவர் வினவும் முதல் வினா, "உமக்கு எந்த ஊர்?" என்பதேயாம். பெயர்பெற்ற ஊர்களிற் பிறந்தார்க்கு இவ்வினா இன்பந் தருவது. ஒருவர் தஞ்சை என்பார். மற்றொருவர் மதுரை என்பார். பிறிதொருவர் நாகர்கோவில் என்பார். கேட்டோரும் உடனே பெரிய கோயிலையோ, வைகையாற்றையோ, கடற்கரையையோ நினைந்து தலையசைப்பர். யானோ, 2022-ஆம் ஆண்டில் இக்கல்லூரிக்கு வந்தபோது, கேட்டவர்க்கெல்லாம் "கிருட்டினகிரிப் பக்கம்" என்று பொதுப்படக் கூறித் தப்பினேன். ஒருநாள் அறைத்தோழர் ஒருவர் மேசைமேற் கிடந்த என் பயணச்சீட்டை எடுத்து நோக்கி, "சாமல்பட்டியா? அங்கே வண்டி நிற்குமோ?" என்று நகைத்தார். யானும் உடன் நகைத்து, "கல்லும் முள்ளுமன்றி அங்கு யாதும் இல்லை" என்றேன். பிறந்த ஊரை அங்ஙனம் இகழ்ந்தது பிழையே. ஆயின், அதனினும் பெரிய பிழையொன்றை அதற்கு ஒரு திங்கள் முன்னரே யான் செய்து முடித்திருந்தேன். அதனையும், அதனால் யான் என் ஊரை அறிய நேர்ந்த வகையையும் ஈண்டு எழுதலுற்றேன்.

சாமல்பட்டி, கிருட்டினகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தில் உள்ளதொரு சிற்றூர். சென்னையினின்று சேலம் செல்லும் இருப்புப்பாதையிற் சோலையார்பேட்டை, திருப்பத்தூர், காக்கங்கரை என்னும் நிலையங்களைக் கடந்தால் எம் நிலையம் தோன்றும். விரைவு வண்டிகளிற் பெரும்பாலான எம்மை நோக்காமலே விரைந்தோடும். பாசஞ்சர் வண்டி மட்டும் நின்று, பால்கொண்டு செல்வாரையும், கூலிக்குச் செல்வாரையும், கல்லூரிக்குச் செல்லும் என்போன்றாரையும் ஏற்றிக்கொண்டு போகும். மேடைமீது நின்று கிழக்கே நோக்கின், சவ்வாது மலைத்தொடர் காலையிற் கருநீலமாகவும் நண்பகலிற் சாம்பல் நிறமாகவும் காணப்படும். கருநாடகத்து நந்திமலைப் பகுதியிற் பிறந்து, ஓசூரை அடுத்துத் தமிழகத்துட் புகும் தென்பெண்ணையாறு, கிருட்டினகிரி அணையிற் சிறிது தங்கி, காவேரிப்பட்டினத்தைக் கடந்து, எம்மூர்க்குத் தென்மேற்கே வளைந்து, அனுமன்தீர்த்தம் வழியாகச் சாத்தனூர் அணையை நோக்கிச் செல்கின்றது. திருப்பத்தூர்ப் பக்கத்தினின்று வரும் பாம்பாறும் ஊத்தங்கரைப் பகுதியில் ஓடி அதனொடு கலக்கின்றது. இங்ஙனம் ஆறுகள் இரண்டு அருகில் ஓடினும், எம்மூர் நிலங்கள் பெரும்பாலும் வானம் பார்த்தனவே. ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை பெய்யும். அம்மழையைத் தாங்கி வைப்பன ஏரியும், கிணறும், அவற்றினும் மேலாகக் குன்றுகளுமே என்பதை யான் பின்னரே உணர்ந்தேன்.

எம்மண் செம்மண். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் கொள்ளும் துவரையும் அதில் விளையும். வரப்போரங்களிற் புளியும் வேம்பும் புங்கும் நிற்கும். மா எங்கள் மாவட்டத்துக்கே உரிய செல்வம். தைத்திங்களில் மாமரம் பூத்த அளவிலேயே வணிகர் வந்து, பூவைக் கண்டே விளைவை மதிப்பிட்டுக் குத்தகை பேசுவர். செந்தூராவும் பெங்களூராவும் நீலமும் பங்கனப்பள்ளியும் சித்திரை முதல் ஆடி வரை வண்டி வண்டியாகச் செல்லும். அக்காலத்து மாங்கூழ் ஆலைகளுக்கு என் அன்னையும் கூலி வேலைக்குச் செல்வார். அவர் கையிற் படிந்த மாம்பால் மணம் ஆவணி வரை நீங்காது. ஐப்பசி மழைக்குப்பின் ஆவாரை பூத்துக் கரடெல்லாம் பொன்னிறமாகும். சப்பாத்திக்கள்ளிப் புதரிற் கௌதாரி குஞ்சுகளொடு ஓடும். கிணற்றின்மேற் கவிந்த கிளையிலே தூக்கணாங்குருவி கூடு பின்னும். இவற்றுள் ஒன்றையேனும் அந்நாளில் யான் என் தோழரிடம் கூறியிலேன். கூறத்தக்கன என்று எண்ணவும் இல்லை.

எங்கள் புன்செய்க்கு மேலெல்லையாக ஒரு குன்று இருந்தது. மூன்று பனையுயரத்துக்கு மிகாது. ஆயினும் சிறுவர்க்கு அஃது இமயமே. உச்சியிலே ஒரு சிறு சுனை உண்டு; மழை முடிந்த பின்னும் பங்குனி வரை அதில் நீர் நிற்கும். என் தந்தையைப் பெற்ற பாட்டியார், எங்கள் பக்கத்து வழக்கில் ஆயா, ஆடுகளை அக்குன்றின் சரிவில் மேயவிட்டுச் சுனையருகே அமர்ந்திருப்பார். தட்டான் தாழப் பறந்தால், "மழை வருகிறது, ஆட்டை ஓட்டு" என்பார், பெரும்பாலும் வந்துவிடும். குன்றின் அடியில் ஓரிடத்தே கரும்பாறையின் ஊடே வெண்மையான பட்டையொன்று ஓடியது. அது கையால் தேய்த்தாலே பொடியுதிரும். பள்ளிச்சிறுவராகிய யாங்கள் அதனைப் பெயர்த்தெடுத்து, ஏனைய பாறைகளின்மேல் எங்கள் பெயர்களை எழுதுவோம். மழை வந்து அழிக்கும், மீண்டும் எழுதுவோம். குன்றினின்று இழியும் நீர் ஓடையொன்றிற் சேர்ந்து, எங்கள் கிணற்றையும் அதற்குக் கீழுள்ள நால்வர் கிணறுகளையும் ஊறச்செய்து, பின்னர் ஏரியை அடையும்.

ஓடைக்கு இப்பால், எங்கள் நிலத்து மூலையில், புளியமரத்தடியே ஒரு கல் நடப்பட்டுள்ளது. அதனை வேடியப்பன் என்போம். ஆண்டுதோறும் தைத்திங்களில், ஊரில் எருது விடும் விழா நடக்கும் நாட்களில், அதற்கு எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, பொங்கலிடுவோம். தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெயும் புகையும் படிந்து அக்கல் கரிய திரளாகவே காணப்பட்டது. அதில் என்ன உருவம் உள்ளது என்று யான் வினவியதும் இல்லை. எவரும் கூறியதும் இல்லை.

2022-ஆம் ஆண்டு மே திங்களில் யான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்தேன். கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியிருந்தது. அப்போது கல்லுடைக்கும் தொழிலினர் ஒருவர் வந்து, குன்றிருந்த பகுதியை விலைக்குக் கேட்டார். என் தந்தையார் மூன்று நாட்கள் விடை கூறவில்லை. நான்காம் நாள் இரவு யானே அவரிடம் வாதிட்டேன். "அப்பா, அந்தக் கல்லில் என்ன விளைகிறது? ஆடும் இப்போது இல்லை, ஆயாவும் இல்லை. விற்றுவிடுங்கள்" என்றேன். அவர் உண்டுகொண்டிருந்த களியை விட்டுக் கையை எடுத்து, "அதில் ஒன்றும் விளையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது மேலே நிற்பதனால்தான் கீழே நமக்கு விளைகிறது" என்றார். யான் அதனைப் படிப்பில்லாதவரின் அச்சம் என்றே கருதினேன். கருதியதோடு நில்லாது முகத்திலும் காட்டினேன். அவர் மேலும் பேசவில்லை. மறுவாரம் கையெழுத்திட்டார். அப்பணத்தாலேயே யான் இக்கல்லூரியிற் பயில்கின்றேன். இதனை மறைப்பது நேர்மையன்று.

முதலாண்டு விடுமுறையில் ஊர்க்குச் சென்றபோது குன்றின் ஒரு பாதி இல்லை. இரண்டாமாண்டில் மற்றப் பாதியும் இல்லை. துளையிடும் கருவியின் ஓசையும், மாலைதோறும் வெடியின் அதிர்வும், கிரஷர் என்று எம்மூரார் வழங்கும் கல்லுடை ஆலையின் புழுதியும் நிறைந்திருந்தன. சுனையிருந்த இடத்திலே வானம் இருந்தது. என் தந்தையார் அதனைப்பற்றி என்னிடம் ஒருசொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

நிற்க. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் நம் கல்லூரி அறிவியல் மன்றத்திற் சொற்பொழிவாற்ற நிலவியல் அறிஞர் ஒருவர் வந்திருந்தார். அவர் மரப்பெட்டியொன்றினின்று கற்கள் பலவற்றை எடுத்து மேசைமீது வரிசையாக வைத்தார். அவற்றுள் வெண்மையான கல்லொன்றின்மீது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் துளிகளைச் சொட்டினார். கல் உடனே நுரைத்துப் பொங்கிற்று. "இது சுண்ணாம்புக்கல் என்பீர்கள். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில், சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்து உண்டாவது. இந்தக் கல்லோ கடலைக் கண்டதில்லை. இது நிலத்தின் மிக ஆழத்திலே, புவியின் கவசப் பகுதியிலே உருகிய குழம்பாகப் பிறந்து மேலே வந்தது. இதற்குக் கார்பனடைட் என்று பெயர். உலகில் இவ்வகைப் பாறை காணப்படும் இடங்கள் சில நூறே. இந்தக் கல் நம் தமிழ்நாட்டில் சாமல்பட்டி என்னும் ஊரைச் சேர்ந்தது" என்றார்.

என் அறைத்தோழர் திரும்பி என்னை நோக்கினார். அவர் இம்முறை நகைக்கவில்லை. யான் தலைகுனிந்தேன். அப்பொடிக்கல்லால் என் பெயரை எத்துணை முறை எழுதியிருக்கின்றேன்!

அவ்வறிஞர் மேலும் கூறியவற்றுட் சிலவற்றைப் பிறதுறை மாணாக்கர்க்காக ஈண்டுத் தருகின்றேன். கார்பனடைட் என்னும் பெயரை 1921-ஆம் ஆண்டில் வழங்கியவர் நார்வே நாட்டு நிலவியலாளர் புரோகர் என்பவர். அந்நாட்டின் தெலெமார்க் பகுதியிலுள்ள ஃபென் என்னும் சிறிய இடத்துப் பாறைகளை ஆராய்ந்தே அவர் அப்பெயரை இட்டார். குழம்பாய் உருகிச் சுண்ணாம்புப் பாறை உண்டாகுமோ என்று அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டிலே, ஓல் தோயின்யோ லெங்காய் என்னும் எரிமலை உள்ளது. அது 1960-ஆம் ஆண்டிற் கக்கிய குழம்பு கார்பனேட் வகையைச் சேர்ந்தது என்று கண்டபின் அவ்வையம் பெரிதும் நீங்கிற்று. பிற எரிமலைக் குழம்புகளின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதியே அதற்கு உண்டு. கருநிறமாய் ஓடி, ஆறியபின் காற்றும் ஈரமும் பட்டு வெளுத்துவிடும். எம்மூர்ப் பாறைகளும், அருகிலுள்ள திருப்பத்தூரை அடுத்த சேவாத்தூர்ப் பாறைகளும் ஏறக்குறைய 70 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியன. அவற்றைச் சூழ்ந்துள்ள பழம்பாறைகளோ 250 கோடி ஆண்டு வயதின. சயனைட், பைராக்சினைட், டியூனைட் முதலிய பலவகைப் பாறைகள் எம்மூரைச் சுற்றி ஒருங்கே காணப்படுதலின், நிலவியலார் இதனைச் சாமல்பட்டிப் பாறைத் தொகுதி என்று தம் நூல்களிற் குறித்துள்ளனர். இவ்வினப் பாறைகளில் நியோபியம், அருமண் தனிமங்கள் முதலியன செறிந்திருத்தலும் உண்டு. இக்காலத்துக் கருவிகள் பலவற்றுக்கு அவை இன்றியமையாதன.

கூட்டம் முடிந்தபின் அவரை அணுகி, யான் சாமல்பட்டியான் என்றேன். அவர் பெரிதும் மகிழ்ந்து, "அப்படியா தம்பி! வெள்ளைப் பட்டை ஓடும் பாறைகளை நீ பார்த்திருப்பாயே. எங்கே கண்டாய்?" என்று கேட்டார். "எங்கள் நிலத்திலே இருந்தது, ஐயா. இப்போது இல்லை, ஜல்லியாகிவிட்டது" என்றேன். அவர் சிறிதுநேரம் அக்கல்லைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பின்னர், "கல்லை உடைக்காமல் வீடும் இல்லை, சாலையும் இல்லை, தம்பி. நாங்களும் ஆராய்ச்சிக்கு உடைக்கத்தான் செய்கிறோம். ஆனால் இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று எழுதி வைத்துவிட்டு உடைக்கிறோம். எழுதாமல் போனதுதான் இழப்பு" என்றார். அக்கல்லை என் கையில் ஒருகணம் தந்து, மீண்டும் வாங்கி, எண்ணிட்ட தாளிற் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

அன்றிரவு முதல் யான் நம் நூலகத்தில் என் ஊரைத் தேடத் தொடங்கினேன். தேடத்தேட, "யாதும் இல்லை" என்று கூறிய என் வாயை நொந்தேன்.

எம்மூர் அமைந்துள்ள பகுதிக்குப் பழையோர் இட்ட பெயர் பாராமகால். பன்னிரண்டு கோட்டைகளையுடைய நாடு என்பது அதன் பொருள் என்பர். மைசூர் மேட்டுநிலத்துக்கும் கீழைச் சமவெளிக்கும் இடையே படிக்கட்டுப்போற் கிடப்பதால், படைகள் ஏறுதற்கும் இறங்குதற்கும் இதுவே வழியாயிற்று. எம்மூர்க்குக் கிழக்கே சிங்காரப்பேட்டையைக் கடந்தால் செங்கம் கணவாய் உள்ளது. முதல் மைசூர்ப் போரில், 1767-ஆம் ஆண்டில், ஐதர் அலியும் நிசாமும் ஒருபுறமும் ஆங்கிலப் படைத்தலைவர் சுமித்து மறுபுறமுமாக நின்று அங்குப் பொருதனர். பின்னர் 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியார்க்கு ஒப்புவித்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பார் இதனை ஆள வந்தார். அவர்க்கு உதவியாளராக வந்தவர்களுள் ஒருவர் தாமசு மன்றோ.

இவ்விருவரும் இங்குச் செய்த வேலை பெரிது. ஊர் முழுமைக்கும் ஒருதொகை விதித்துப் பெறுதலை விட்டு, வயல்தோறும் அளந்து, உழுபவன் ஒவ்வொருவனோடும் நேரே வரி பேசும் முறையை அவர்கள் இப்பாராமகாலிலேதான் முதன்முதல் முயன்று பார்த்தனர். அதுவே பிற்காலத்தில் இரயத்துவாரி முறை என்று சென்னை மாகாணத்திற் பரவிற்று. மன்றோ 1799-ஆம் ஆண்டில் இப்பகுதியை விட்டு நீங்கும்போது, தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மிக வருந்தினார் என்பதும் படித்தேன். எங்கோ ஸ்காட்லாந்திற் பிறந்தவர் இச்செம்மண்ணைப் பிரிய வருந்தினார். இங்குப் பிறந்த யானோ, "கல்லும் முள்ளும்" என்றேன். என் தந்தையார் தகரப்பெட்டியில் மடித்துவைத்திருக்கும் பட்டாவின் முன்னோர், ரீடும் மன்றோவும் அளந்த அந்நாட்களில் உள்ளனர் என்று அறிந்தபோது, யான் எளிதாக விற்கச் சொன்ன தாளின் எடை எனக்குப் புலப்பட்டது.

இருப்புப்பாதையின் செய்தியும் இவ்வாறே. தென்னாட்டில் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல்நாள் சென்னை இராயபுரத்தினின்று வாலாசா ரோடு வரை ஓடிற்று. அடுத்த ஆறாண்டுகளுக்குள் அப்பாதை பாராமகாலையும் சேலத்தையும் கடந்து மேலைக் கடற்கரையை அடைந்தது. ஆகவே, என் தோழர் நகைத்த அப்பாதை இந்தியாவின் மூத்த பாதைகளுள் ஒன்றாம்.

வேடியப்பனைப்பற்றி அறிந்ததே என்னை மிகவும் அசைத்தது. ஊத்தங்கரை, அரூர், செங்கம் பகுதிகளில் வேடியப்பன் என்று மக்கள் வணங்குவனவற்றுட் பல, போரிலோ ஆநிரை மீட்டலிலோ உயிர்துறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்களே என்று தொல்லியலார் கண்டுள்ளனர். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-ஆம் ஆண்டில் நூலாகத் தொகுத்து வெளியிட்டது. பல்லவ வேந்தர் காலத்து வட்டெழுத்துப் பொறித்த கற்கள் அவற்றுட் பல. எடுத்தனூரில் உள்ள ஒருகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். தலைவன் வீழ்ந்தபின்னும் அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை அக்கல்வெட்டுக் கூறுகின்றது. ஒரு நாயின் நன்றியையும் பெயரோடு கல்லில் எழுதி வைத்த நாடு இது. எழுதாமற் போவதே இழப்பு என்று அவ்வறிஞர் கூறியதை, எம்முன்னோர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

எம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த பொருள்களின் காலத்தை ஆராய்ந்ததில், அங்கு இரும்பு வழங்கிய காலம் கி.மு. 2172 வரை செல்கின்றது என்று 2022-ஆம் ஆண்டு மே திங்களில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. யான் குன்றை விற்கும்படி என் தந்தையாரொடு வாதிட்டதும் அதே மே திங்களிலேதான். செய்தித்தாள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் கிடந்திருக்கும், யான் படிக்கவில்லை.

இவ்வாறு யான் நூல்களில் ஊரைக் கண்டு மகிழ்ந்திருந்த காலத்தே, ஊர்க்குப் பெருந்துன்பம் வந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்தது. கடந்தபின்னும் அது விரைந்து நீங்காது மெல்ல மேற்கே நகர்ந்து, எம் பகுதியிற் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2-ஆம் நாட் காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்யவேண்டிய மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஒருநாளிற் பெய்ததென்று இதனைக் கொள்க. ஊத்தங்கரையில் ஏரிநீர் பெருகிச் சாலையோரத்து வண்டிகளை உருட்டிச் சென்ற காட்சியை நாடே கண்டது. யான் விடுதியில் இருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் முயன்றேன். இரண்டு நாட்கள் மணியே அடிக்கவில்லை. மூன்றாம் நாள் என் தங்கை பேசினாள். "எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அண்ணா. நிலத்தை மட்டும் வந்து பார்" என்றாள்.

சென்று பார்த்தேன். குன்று நின்ற இடம் பெரும்பள்ளமாய் நீர் நிறைந்து கிடந்தது. உடைத்தகல்லின் கழிவைப் பள்ளத்தோரத்திற் குவித்திருந்தனர். அக்குவியல் ஓடைக்குக் குறுக்கே சரிந்து அதனை அடைத்துவிட, வெள்ளம் வழிமாறி எங்கள் புன்செய்மீது பாய்ந்திருந்தது. அத்துணைப் பெருமழைக்குக் குன்றிருந்தாலும் சேதம் நேர்ந்தேயிருக்கும். அதனை யான் மறுக்கவில்லை. ஆயினும், முழங்கால் அளவுக்கு எங்கள் வயலிற் படிந்திருந்த கற்பொடி வானத்தினின்று வந்ததன்று. கிணறு பாதி தூர்ந்திருந்தது. அறுவடைக்கு நின்ற துவரை முழுதும் புதைந்தது. கீழுள்ள நால்வர் கிணறுகளும் அவ்வாறே. அவர்களுள் ஒருவரும் என் தந்தையாரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் வீட்டு முன்றிலைக் கடந்து செல்ல எனக்குத்தான் கால் எழவில்லை.

மூலையில் வேடியப்பன் இடுப்பளவு மண்ணிற் புதைந்து, சிறிது சாய்ந்து நின்றார். என் தந்தையாரும் யானும் மண்வெட்டி கொண்டு அதனைச் சுற்றித் தோண்டினோம். வெள்ளமும் கற்பொடியும் தேய்த்துச் சென்றமையால், தலைமுறைகளாகப் படிந்த எண்ணெய்க்கரி பெரும்பாலும் நீங்கியிருந்தது. அப்போதுதான் கண்டோம்: கையில் வில்லேந்திய ஓராளின் உருவம். முகம் தேய்ந்துவிட்டது, எழுத்தும் இல்லை. ஆயினும் முன்வைத்த ஒருகாலும், வளைந்த வில்லும் தெளிவாகத் தெரிந்தன. என் தந்தையார் நெடுநேரம் நோக்கியிருந்து, "இத்தனை நாள் யாரைக் கும்பிட்டோம் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். குன்று போனபின் அவர் என்னிடம் மனம்விட்டுக் கூறிய முதற்சொல் அது. யான் அப்போது, "அப்பா, அன்று நீங்கள் சொன்னதே சரி" என்றேன். அவர் மண்வெட்டியை நிறுத்தாமலே, "அது கிடக்கட்டும். அந்தப் பக்கம் வெட்டு" என்றார்.

2025-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்தவுடன், எஞ்சிய நிலத்தையும் விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. கற்பொடி படிந்த நிலம் இனி விளைவதற்கு ஆண்டு பலவாகும் என்றும், நல்லவிலை தருவதாகவும் கூறினர். தேவையும் இருந்தது. என் தங்கை அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத இருந்தாள்; செவிலியர் படிப்பிற் சேரவேண்டும் என்பது அவள் விருப்பம். இம்முறை என் தந்தையார் தாமே என்னிடம், "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார். மூன்றாண்டுகட்கு முன் கேளாமலே வாதிட்டவன், இப்போது கேட்டும் விடைகூற மாட்டாது நின்றேன். என் தங்கையோ அடுப்படியினின்று, "அண்ணன் படிப்புக்குக் குன்று போயிற்று. என் படிப்புக்கு வேடியப்பன் போகவேண்டாம், நான் படிக்காவிட்டால் என்ன" என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது. நிலத்தைக் காப்பதற்கு அவள் படிப்பை விலையாகக் கொடுப்பது, குன்றை விற்றதினும் பெரிய பிழையன்றோ?

அன்றிரவு நால்வரும் அமர்ந்து கணக்கிட்டோம். எஞ்சிய மாமரங்களைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவது. இளங்கலை முடிந்ததும் யான் மேற்படிப்பை ஓராண்டு தள்ளிவைத்து, போச்சம்பள்ளியிலோ ஓசூரிலோ தொழிற்சாலை வேலைக்குச் செல்வது. அவ்வூதியத்தில் தங்கையைச் சேர்ப்பது. நிலத்தை விற்பதில்லை என்று முடிவு செய்தோம். வைகறையில் எங்கள் ஊர்ச் சாலையில் நின்று ஆலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர் பலரை யான் அறிவேன். இனி அவர்களொடு யானும் ஒருவன். அதனை இழிவென்று கருதேன். ஓடையை அடைத்த குவியலை நீக்கவேண்டி, கீழுள்ள நால்வரும் என் தந்தையாரும் சேர்ந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதியுள்ளனர். விண்ணப்பத்தை எழுதியவன் யானே. குன்று இருந்த இடம், ஓடையின் வழி, கிணறுகளின் எண்ணிக்கை, நடுகல் நிற்கும் மூலை ஆகிய அனைத்தையும் வரைபடமாக வரைந்து அதனொடு இணைத்தேன். அவ்வாறு வரைந்தபோது, சுனை இருந்த இடத்தையும், வெண்பட்டை ஓடிய இடத்தையும் நினைவிற்கொண்டு குறித்து, ஒருபடியை என்னிடம் வைத்துக்கொண்டேன். உடைத்தபின் எழுதியதே யாயினும், எழுதாமைக்கு இது மேல்.

இம்மலரைப் படிக்கும் மாணவ அன்பர்களே! நம் விடுதி அறைகளில் நூற்றுக்கணக்கான ஊர்களினின்று வந்தோர் வாழ்கின்றோம். அவற்றுட் பல ஊர்களில் விரைவு வண்டி நில்லாது. பல ஊர்களுக்கு வண்டியே இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு குன்றோ, ஏரியோ, கல்லோ, பெயர் மறந்த வீரனோ இருத்தல் உறுதி. அடுத்த விடுமுறையில் ஊர்க்குச் செல்லும்போது, வீட்டிலுள்ள முதியோரை அருகில் அமர்த்தி, "இது என்ன? இது ஏன் இங்கு நிற்கிறது?" என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் நாளிட்டு எழுதுங்கள். அவர் படிப்பில்லாதவர் என்று எண்ணி முகத்திற் காட்டாதீர்கள். யான் காட்டினேன், அதன் விலையை இன்னும் கொடுத்துவருகின்றேன்.

வரும் சூன் திங்களிற் புதிய மாணாக்கர் வருவர். அவர்களுள் யாரேனும் ஒருவர், யான் விடைபெறுமுன் என்னைக் கண்டு, "உமக்கு எந்த ஊர்?" என்று வினவினால், "சாமல்பட்டி" என்று ஊர்ப் பெயரையே கூறுவேன். அவர்க்கு நேரம் இருப்பின், அமர்ந்து கேட்பாராக.